தட்டு மாத்துற நேரத்துல தும்மல்

மொதல்ல அந்தக் குழாய மூடுங்கக்கா. நான் இங்க தொண்டை கிழிய பேசறேன், உங்களுக்கு ஒண்ணும் கேக்கல. அதுவும் இல்லாம, தண்ணி கொட்டற சத்தம் கேட்டா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இன்னும் முட்டிக்கினு தான் வரும். ஆங், அப்படி. இப்ப கேக்குதா? நான் தான், தனகோடி. பொண்ணோட அம்மா. வேற ஈ காக்கா கூட இல்ல. ரூம் கதவ உள்ளாற தாப்பா போட்டுட்டேன். வெளிய சேர் போட்டு எங்க சவுரியம்மாவ காவலுக்கு ஒக்கார வெச்சிருக்கேன். ஷூ கம்பெனியில எனக்குப் பக்கத்து மிஷின்ல வேலை செஞ்சவ. அவளத் தாண்டி கலெக்டரே வந்தாலும் உள்ள வர முடியாது.

தலைவலியா? சரி, தலைவலின்னே வெச்சுக்குவோம். தலைவலிக்கு யாராச்சும் பாத்ரூம சாத்திக்கினு மக்கு மக்கா தண்ணி மொண்டு ஊத்துவாங்களா? அதுவும் இடுப்புக்குக் கீழ? தண்ணி எங்க விழுவுதுன்னு சத்தத்தை வெச்சே எனக்குத் தெரியும் செண்பகக்கா.

கோச்சுக்காதீங்க. சம்பந்தின்னு தான் கூப்புடணும், ஆனா இன்னும் தட்டு மாத்தலையே. மாத்தற வரைக்கும் அக்கான்னே கூப்புடறேன். நான் பாத்துட்டேங்க்கா. சாம்பிராணி வாணாம், இந்த ஹால்ல ஒரு ஃபேனும் ஒழுங்கா சுத்தலன்னு ஐயர் கிட்ட தலைபாடா அடிச்சுக்கினேன். அவரு கேட்டா தான? கரி நல்லா கனிஞ்ச சந்தோஷத்துல ஒரு கை அள்ளிப் போட்டாரு. புகை நேரா நம்ம சோபாவுக்கு தான் வந்துச்சு. மொதல் தும்மல் வந்துச்சு, சமாளிச்சீங்க. ரெண்டாவதுக்கு முந்தானைய வாயில வெச்சு அமுத்துனீங்க. மூணாவது வந்துச்சு பாருங்க, அதோட உங்க மூஞ்சி அப்படியே நின்னு போச்சு. அந்த மூஞ்சிய நான் எத்தனை வாட்டி கண்ணாடியில பாத்திருக்கேன்!

அப்பறம் தட்டை உங்க வூட்டுக்கார அண்ணன் கையில திணிச்சுட்டு எழுந்தீங்க. முட்டி ரெண்டையும் ஒட்ட வெச்சுக்கினு, குட்டி குட்டியா அடி வெச்சுக்கினு. ஹால்ல இருந்தவங்க எல்லாம் கோவத்துல போறாங்கன்னு நெனச்சுட்டாங்க. கோவத்துல போறவங்க தாம் தூம்னு தான போவாங்க? அது கோவத்து நடை இல்ல. அத்தனை வருஷம் கம்பெனி பாத்ரூம் பக்கத்து மிஷின்ல ஒக்காந்தவ நான், நடைய பாத்தே ஆளோட அவசரம் சொல்லிடுவேன்.

அழுவறீங்களா? சரி அழுங்க. அதுவும் தண்ணி தான, எந்தப் பக்கமாச்சும் போவட்டும்.

ஐய, சும்மா சொன்னேங்க்கா.

வெளிய இன்னா ஆச்சா? சொல்றேன், ஆனா பதறாதீங்க. உங்க கொழுந்தனாரு கோதண்டராமன் இருக்காரே, அவரு எழுந்து நின்னுட்டாரு. தட்டு மாத்துற நேரத்துல மாப்பிள்ளையோட அம்மாவே தும்மிட்டாங்க, அதுவும் ஒத்தைப்படையில தும்மிட்டாங்க, தட்டையும் குடுத்துட்டு எழுந்து போய்ட்டாங்க, எங்க அண்ணிக்கு சகுனம் சரியில்லன்னு தோணிடுச்சு, இதுக்கு மேல இன்னா பேச்சு, வேனை எடுக்கச் சொல்லுன்னு ஆரம்பிச்சுட்டாரு. அவருக்குத் தன் மச்சினி பொண்ணை உங்க பையனுக்குக் கட்டணும்னு ஆசை இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். ஒரு சாக்குக்குத் தான் காத்துக்கினு இருந்தாரு. உங்க மூக்கு அதக் குடுத்துடுச்சு.

இல்ல இல்ல, வேன் கெளம்பல. எல்லாரும் ஒக்காந்திருக்காங்க. ஏன் கெளம்பலன்னு அப்பறம் சொல்றேன். உங்க பையன் இளம்பரிதி தான் பாவம், மேடையில நின்னுக்கினு கதவையே பாத்துக்கினு இருக்குது. எங்க கவிப்ரியா தலைய தூக்கல. ரெண்டும் ஒரே ஆபீஸ்ல வேலை செஞ்சு, தானா புடிச்சுக்கினு, நம்ம ரெண்டு வூட்டையும் சம்மதிக்க வெக்க எவ்ளோ பேஜார் பட்டுச்சுங்க. இன்னிக்கு நல்ல நேரம் தாண்டறதுக்குள்ள நீங்க வந்து தட்ட கையில எடுக்கணும். எடுத்துட்டா முடிஞ்சுது. எடுக்கலன்னா உங்க கொழுந்தனாரு சகுனம் ஜெயிச்சுடும், அவ்ளோ தான் விஷயம். எம் பொண்ணு கல்யாணம் இந்த பாத்ரூம் தாப்பாள்ல தொங்கிக்கினு இருக்குது, புரியுதா?

சேலை இருக்குதுக்கா, கையில தான் வெச்சிருக்கேன். ஊதா கலரு. சாப்பாட்டுக்கு அப்பறம் நான் கட்டலாம்னு எடுத்துக்கினு வந்தேன். பாவாடையும் இருக்குது. கதவ ஒரு சாண் தொறந்தீங்கன்னா உள்ள நீட்டிடுவேன். கண்ண மூடிக்கறேன், வேணும்னா.

ம்ம். அதுவும் நியாயம் தான். பச்சைப் பட்டுல உள்ள போனவ ஊதா சேலையில வெளிய வந்தா ஊரு கேக்கும். சோபாவும் காட்டிக் குடுக்கும், வெல்வெட்டு வேற. இருங்க, சோபாவ உடுங்க. அதுக்கு எங்கிட்ட ஒரு பதிலு இருக்குது. ஆனா இப்ப சொல்ல மாட்டேன். மொதல்ல என் கதைய கேளுங்க. நீங்க ஒரு வாட்டியாச்சும் சிரிக்கணும், அப்ப தான் சொல்லுவேன்.

எனக்கு கவிப்ரியா பொறந்தப்பவே லேசா ஆரம்பிச்சுது. கொழந்தை நல்ல வெயிட்டு, இழுத்துத் தான் எடுத்தாங்க. அப்பறம் மாசமாசம் வர்றது நின்னு போச்சே, அதுக்கு மேல ஜாஸ்தியாச்சு. இருமுனா போச்சு, சிரிச்சா போச்சு, குடத்தை தூக்குனா போச்சு. கம்பெனியில பாத்ரூம் போவணும்னா ஒரு வரிசை மிஷினுக்கு, அதான் லைனுக்கு, ஒரே ஒரு அட்டை. அத கழுத்துல மாட்டிக்கினு தான் போவணும். ஒருத்தி திரும்பி வந்து அட்டைய கழட்டுனா தான் அடுத்தவ எழுந்துக்கலாம். அட்டை வராதா வராதான்னு கண்ணு தோல்ல இருக்கும், மனசு அட்டையில இருக்கும். அதனால நாங்க இன்னா பண்ணோம், தண்ணி குடிக்கறத உட்டுட்டோம். உள்ள போனா தான வெளிய வரும்னு கணக்கு. அது தப்புக் கணக்கு, தண்ணிய கம்மி பண்ணா மூத்திரம் சுள்ளுனு எரியும், இன்னும் அடிக்கடி தான் வரும். நீங்களும் குடிக்கறது இல்லையா? தெரியும். வந்ததுல இருந்து ஜூஸ் டம்ளர கையிலயே வெச்சுக்கினு இருந்தீங்க, வாயில படல.

அப்ப தான் வேலூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, கிறிஸ்டினான்னு. ஃபிசியோதெரபி படிச்சது. கம்பெனியில பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி, கழுத்து வலிக்குன்னு கேம்ப் போட்டாங்க. இடுப்பு வலிய பேசி முடிச்சுட்டு, ஆம்பளைங்கள எல்லாம் வெளிய போகச் சொல்லிட்டு, கதவ சாத்திட்டு கேட்டுது. உங்கள்ல யாருக்கெல்லாம் தும்முனா, சிரிச்சா ஒண்ணுக்கு வந்துடுது, கைய தூக்குங்க. ஒருத்தி தூக்கணுமே! எல்லாரும் பத்தினி மாதிரி செவுத்தைப் பாத்துக்கினு இருக்கோம். சவுரியம்மா எனக்கெல்லாம் அந்த மாதிரி இல்லம்மான்னு வேற சொல்றா. அவ பையில எப்பவும் மாத்துப் பாவாடை இருக்கும்.

சரி, ரொம்ப சந்தோஷம், அப்ப எல்லாரும் எழுந்து நின்னு ஒரு குதி குதிங்கன்னுச்சு அந்தப் பொண்ணு.

ஒருத்தி அசையலக்கா. அத்தனை பேரும் பெஞ்சோட பெஞ்சா ஒட்டிக்கினு ஒக்காந்திருக்கோம். அந்தப் பொண்ணு இடுப்புல கை வெச்சுக்கினு எங்களைப் பாக்குது. நாங்க அதப் பாக்கறோம். மொதல்ல நான் தான் சிரிச்சேன். சிரிச்சதும் எனக்குப் போச்சு. அதப் பாத்து சவுரியம்மா சிரிச்சா, அவளுக்கும் போச்சு. அன்னிக்கு ஒரு பெஞ்சும் காயல.

இன்னா சத்தம் அது? சிரிச்சீங்களா, தும்முனீங்களா? சரி, கணக்குல சேத்துக்கல. இன்னும் இருக்குது.

அப்பறம் அது சொல்லிக் குடுத்துச்சு. கீழ, உள்ளாற, ஒரு சதை இருக்குதாம். தொட்டில் மாதிரி எல்லாத்தையும் தாங்கிக்கினு இருக்குமாம். புள்ளை பெத்து, பாரம் தூக்கி, வயசாயி அது தொங்கிப் போவுது. கைக்கு காலுக்கு பயிற்சி குடுக்கற மாதிரி அதுக்கும் குடுக்கணும். எந்த சதைன்னு எப்படி கண்டுபுடிக்கறதுன்னு கேட்டோம். கல்யாணப் பந்தியில ஒக்காந்திருக்கீங்க, வயித்துல காத்து முட்டுது, பக்கத்துல சம்பந்தி வூட்டுக்காரங்க, அப்ப எப்படி இறுக்கிப் புடிப்பீங்கன்னு கேட்டுச்சு. எல்லாருக்கும் டக்குனு புரிஞ்சு போச்சு. பின்னாடி அப்படி இறுக்கணும், முன்னாடி ஒண்ணுக்க நிறுத்தற மாதிரி இறுக்கணும், ரெண்டையும் சேத்து உள்ளாற மேல தூக்கணும். கொஞ்ச நேரம் வெச்சுக்கினு, மெல்ல உடணும். அவ்ளோ தான். ஆனா மூச்ச அடக்கக் கூடாது, வயித்த எக்கக் கூடாது, தொடைய நெருக்கக் கூடாது. சவுரியம்மா மூச்ச அடக்கி அடக்கி மூஞ்சி கத்திரிக்கா கலருக்குப் போய்ட்டா. அந்தப் பொண்ணு ஓடி வந்து, அம்மா, மூச்ச உடுங்க, கீழ மட்டும் தான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

இதுல இன்னா வசதின்னா, எங்க வேணா பண்ணலாம், யாருக்கும் தெரியாது. பஸ்ஸுல பண்ணலாம், ரேஷன் கடை வரிசையில பண்ணலாம். நாங்க மிஷின்லயே பண்ணலாம்னு முடிவு கட்டுனோம். கம்பெனியில ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிக்கினே இருக்கும். ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் லைன் மொத்தமும் ஒரு வாட்டி இறுக்கணும். ஞாபகம் வெச்சுக்க வேண்டியதே இல்ல, பாட்டு நின்னா புடி, அடுத்த பாட்டு எடுத்தா உடு.

ஆனா எங்க மிஷின் எப்படின்னா, உங்க வூட்டு பவர்லூம் மாதிரி இல்லக்கா, ஒக்காந்து தைக்கறது. பலகைக்குக் கீழ வலது முட்டிக்குப் பக்கத்துல ஒரு தகடு தொங்கும். அத முட்டியால தள்ளுனா, தோலை அமுத்திப் புடிச்சிருக்கற இரும்புக் காலு மேல தூக்கும். தோலைத் திருப்பறதுக்காக அப்படி வெச்சிருக்கான். இப்ப புரியுதா? பாட்டு நிக்குது. லைன் மொத்தமும் இறுக்குது. கீழ மட்டும் இறுக்கத் தெரிஞ்சா தான? தொடைய சேத்து இறுக்கறோம், முட்டி போயி தகட்டத் தள்ளுது, இரும்புக் காலு தூக்குது, தையலு தாவிடுது. ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும், அத்தனை மிஷின்லயும், ஒரே நேரத்துல.

ஷூவோட மேல் தோலுக்கா. வெளிநாட்டுக்குப் போறது. ஒரு தையலு தாவுனாலும் ரிஜெக்ட்டு.

ரஃபி அகமது சாருன்னு குவாலிட்டி பாக்கறவரு. தங்கமான மனுஷன். ஒவ்வொரு பீஸா எடுத்துப் பாக்கறாரு, நடுவுல ஓட்டை. அடுத்ததுலயும் ஓட்டை. மெக்கானிக் கோபிய கூப்ட்டாரு. கோபி ஊசிய மாத்துனான், எண்ணெய் போட்டான், பெல்ட்ட கழட்டி மாட்டுனான். பாட்டு முடிஞ்சுது, மறுபடியும் ஓட்டை. அவன் ஒரு வாரம் லைன்லயே நின்னு கவனிச்சு, ஒரு நாளு வெற்றி வீரன் மாதிரி சாரு கிட்ட போயி சொன்னான், கண்டுபுடிச்சுட்டேன் சார், பாட்டு நிக்கறப்ப தான் தையலு தாவுது, ஸ்பீக்கர் லைன்லயும் மிஷின் லைன்லயும் ஒரே கரண்ட்டு, அது தான் இழுக்குதுன்னு. ஒடனே பாட்ட நிறுத்திட்டாங்க! எங்களால ஃபேக்டரியில மொத்த பேருக்கும் பாட்டு போச்சு. கட்டிங் செக்‌ஷன் ஆம்பளைங்க கோபிய திட்டறாங்க, கோபி கரண்ட்ட திட்டறான், நாங்க தலைய குனிஞ்சுக்கினு தைக்கறோம்.

சிரிங்க சிரிங்க! இப்ப கேட்டுச்சு, நல்லா கேட்டுச்சு. வெளிய சவுரியம்மாவும் சிரிக்கறா பாருங்க.

அப்பறம் நான் தான் அந்த கிறிஸ்டினாவுக்கு ஃபோன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். அது அந்தப் பக்கம் உழுந்து உழுந்து சிரிச்சுது. அப்பறம் சொல்லுச்சு, அம்மா, முட்டி ஆடுனா நீங்க பண்றது தப்பு, தொடையில பண்றீங்க. சரியா பண்ணா மிஷினுக்கே தெரியாதுன்னு. அன்னியில இருந்து அது தான் எங்களுக்குப் பரிட்சை. முட்டிய தகட்டுக்கு ஒரு விரக்கடை தள்ளி வெச்சுக்கினு இறுக்கணும், தகடு ஆடக் கூடாது. ஆடுனா ஃபெயிலு. கொஞ்ச நாள்ல ஒருத்தி மிஷின்லயும் தையல் தாவல. கோபி ஒயர மாத்துனதால தான் சரியாச்சுன்னு அவனுக்கு மேனேஜரு கை குடுத்தாரு. பாட்டும் திரும்பி வந்துச்சு. இன்னிக்கும் அவன் அப்படித் தான் நெனச்சுக்கினு இருக்கான், உட்டுட்டோம்.

ஒடனே சரியாவாதுக்கா, பொய் சொல்ல மாட்டேன். மொதல் மாசம் ஒண்ணும் தெரியல, இதெல்லாம் ஏமாத்து வேலைன்னு திட்டிக்கினே பண்ணேன். மூணு மாசம் ஆவும்னு அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே தான் ஆச்சு. இன்னொண்ணு சொல்லிக் குடுத்துச்சு, தும்மலு வருதுன்னு மூக்கு அரிக்கறப்பவே கீழ இறுக்கிப் புடிச்சுடணும், அப்பறம் தான் தும்மணும். ஒரு நாளு பேரணாம்பட்டுக்கு பஸ்ஸுல போனேன். கடைசி சீட்டு. அந்த ரோட்டுல பஸ்ஸு நம்மள தூக்கிப் போடும் பாருங்க. எறங்குனப்ப பாவாடை காஞ்சு மொறமொறன்னு இருந்துச்சு. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு வர்ற வழியில ஜிலேபி வாங்கிக்கினு வந்தேன். எங்க வூட்டுக்காரரு இன்னா விசேஷம்னு கேட்டாரு. பல்லு வலி போச்சுன்னு சொல்லி அவரு வாயில ஒண்ணு திணிச்சேன்.

அன்னியில இருந்து ஒரு சொட்டு இல்லக்கா. எனக்கு அதுல கொஞ்சம் திமிரே உண்டு. எங்க லைன்ல புதுசா சேந்த பொம்பளைங்க எல்லாம் எங்கிட்ட தான் வந்து கேப்பாங்க. கொடியில துணி காயப் போடறப்ப எதிர் வூட்டு நாயி கொலைச்சு திடுக்குன்னு தூக்கிப் போடும், எனக்குப் போவாது. ஸ்கிப்பிங் கயிறு ஆடி காட்டியிருக்கேன், இந்த வயசுல. வேணும்னா சவுரியம்மாவ கேளுங்க.

உங்களுக்கு எத்தனை நாளா இருக்குது?

ஐயோ. அண்ணனுக்குத் தெரியாதா? யாருக்குமேவா? கோயிலுக்குப் போறத உட்டுட்டீங்களா? தங்கச்சி வூட்டு கிரகப்பிரவேசத்துக்கும் போவலையா? வயசானா இப்படித் தான்னு உங்க மனசுக்கே சொல்லிக்கினு வூட்டுக்குள்ளயே ஒக்காந்திருக்கீங்க. வயசானா முடி நரைக்கும், அத சாயம் அடிக்கறோம். கண்ணு மங்கும், கண்ணாடி போடறோம். இத மட்டும் ஏன் அப்படியே உடணும்? ஒரு வாட்டி டாக்டர் கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க, வேற கோளாறு எதுவும் இல்லன்னு பாத்துக்கணும். நானே கூட்டிக்கினு போறேன்.

இருங்க இருங்க. இன்னா சொன்னீங்க? நிச்சயத்த ரெண்டு வாட்டி தள்ளி வெச்சது இதனாலயா?

நான் வேற மாதிரி நெனச்சுக்கினு இருந்தேன். பொண்ணு கருப்பா இருக்கான்னு உங்களுக்குப் புடிக்கல, தோல் கம்பெனியில மிஷின் மிதிச்சவ பொண்ணுன்னு யோசிக்கறீங்கன்னு நெனச்சுக்கினேன். கவிப்ரியா அதையே நெனச்சுக்கினு சோறு சாப்பிடல. நான் ராத்திரியெல்லாம் உங்கள மனசுக்குள்ள எவ்ளோ திட்டுனேன் தெரியுமா? வாய்ல சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம். நீங்க குடியாத்தத்துல இருந்து ஆம்பூரு வர்ற தூரத்துக்கு பயந்துக்கினு இருந்திருக்கீங்க. நடுவுல வேன நிறுத்தச் சொன்னா கொழுந்தனாரு இன்னா சொல்லுவாருன்னு பயந்துக்கினு. ஒரு ஃபோன் பண்ணியிருந்தீங்கன்னா நான் குடியாத்தத்துக்கே தட்டைத் தூக்கிக்கினு வந்திருப்பேனே.

சரி, இப்ப ஒரு வாட்டி பண்ணுவோம். ஆமா, இங்கயே. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். ஸ்டூல் இருந்தா அதுல ஒக்காருங்க, இல்லன்னா செவுத்துல சாஞ்சுக்கங்க. சும்மா மூச்சு உடுங்க. இப்ப பந்தியில ஒக்காந்திருக்கீங்க, பக்கத்துல நான், சம்பந்தி. காத்து முட்டுது. இறுக்குங்க. முன்னாடியும் சேத்து. மேல தூக்குங்க. மூச்சு உடுங்க, மூச்சு உடுங்க, சவுரியம்மா மாதிரி கத்திரிக்கா ஆயிடாதீங்க. வெச்சுக்கங்க. ஆங், இப்ப மெல்ல உடுங்க. தெரிஞ்சுதா எந்த சதைன்னு? தெரியலன்னாலும் பரவாயில்ல, எனக்கும் ஒரு வாரம் ஆச்சு. ஆனா ஒண்ணுக்கு போறப்ப நடுவுல நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, அது கெடுதல். சும்மா இருக்கறப்ப தான் செய்யணும்.

இன்னாடி சவுரி? தெரியுது தெரியுது, ஐயர் கடிகாரத்தைப் பாக்கறாரா? பாக்கட்டும். நேரம் இருக்குது, இதோ வந்துடறோம்னு சொல்லு.

சேலைய உள்ள நீட்டட்டுமா?

மறுபடியும் சோபாவா? சிரிச்சா சொல்றேன்னு வாக்கு குடுத்துட்டேன் இல்ல. சொல்லிடறேன். கதவுல சாஞ்சுக்கினு கேளுங்க.

நீங்க எழுந்து போன ஒடனே நான் உங்க எடத்துல போயி ஒக்காந்துட்டேன். யாரு கண்ணும் அங்க படறதுக்கு முன்னாடி. ஒக்காந்ததும் ஜில்லுன்னு ஏறுச்சு. உங்க கொழுந்தனாரு சகுனம் சகுனம்னு சொல்லி வேனை எடுக்கச் சொன்னாரு பாருங்க, அப்ப எழுந்தேன். ஐயரு கையில இருந்து மைக்க வாங்குனேன். ஆமாக்கா, மைக்குல தான், ஹால் பூரா கேட்டுச்சு. யாரும் தப்பா நெனச்சுக்காதீங்க, தும்முனது சம்பந்தியம்மா, ஆனா நனைச்சது நான் தான்னு சொன்னேன். எனக்கு ரொம்ப நாளா ஒண்ணுக்கு நிக்காத கோளாறு இருக்குது, அவங்க தும்முனதப் பாத்து சிரிப்ப அடக்கப் போயி என்னால தாங்க முடியல, சோபாவும் போச்சு, பக்கத்துல ஒக்காந்திருந்த அவங்க பட்டுச் சேலையும் போச்சு. வேற யாராச்சும் இருந்தா அங்கயே மானத்த வாங்கியிருப்பாங்க, அந்தம்மா எம் பேரு வெளிய வரக் கூடாதுன்னு ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயி கழுவிக்கினு இருக்காங்க, அப்படின்னு சொல்லிட்டு மைக்க குடுத்துட்டேன்.

மூச்சு உடுங்கக்கா.

அப்பறம் உங்க கொழுந்தனாரு கண்ணாடிய கழட்டித் தொடைச்சுக்கினு, எங்க அண்ணி மாதிரி பெருந்தன்மை யாருக்கு வரும்னாரு. சோபாவ வாடகைக்கு உட்ட சத்தார் பாய் வந்து, வெயில்ல காய வெச்சுக்கலாம், உடும்மான்னுட்டாரு. உங்க நாத்தனாரு எங்கிட்ட வந்து, காதோட காதா, இதுக்கு வைத்தியம் ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டுட்டுப் போனாங்க. எங்க வூட்டுக்காரரு தான் ஒண்ணும் புரியாம என்னையே பாத்துக்கினு நிக்கறாரு. கவிப்ரியா மூஞ்சி செவந்து போச்சு, அப்பறம் எழுந்து வந்து என் கைய புடிச்சுக்கினா. சவுரியம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, அடிப்பாவின்னு. அழுதுட்டா.

வயித்தெரிச்சல் இல்லன்னு சொல்ல மாட்டேன். பேரணாம்பட்டு பஸ்ஸுல காஞ்சு எறங்குனவ நான். அந்தத் திமிர மைக்குல போட்டு உடைச்சுட்டேன். ஆனா பொய்யா சொன்னேன்? எல்லாம் எனக்கு நடந்தது தான், கொஞ்சம் லேட்டா சொன்னேன், அவ்ளோ தான். மொதல்லயே உங்க கிட்ட சொல்லியிருந்தா, ஐயோ வாணாம்னு ஓடி வந்து எல்லார் முன்னாடியும் உண்மைய ஒளறியிருப்பீங்க. அதான் இவ்ளோ நேரம் கதை அளந்தேன்.

தாப்பா சத்தம் கேக்குது. புடிங்க சேலைய, பாவாடையும் இருக்குது. எனக்கு மாத்துறதுக்கு வேற இல்ல, நான் இப்படியே நிக்கறேன், நனைச்சவ நனைஞ்சிருந்தா தான நம்புவாங்க. ஐய, கண்ணத் தொடைச்சுக்கங்க, மை ஈஷிக்குது. வெளிய வந்து என்னைக் கட்டிப் புடிச்சு கிட்டிப் புடிச்சு காரியத்தைக் கெடுத்துடாதீங்க சம்பந்தி. உங்க பட்டுச் சேலைய நாசம் பண்ணவ நான். பெரிய மனசு பண்ணி என்னை மன்னிச்சுட்ட மாதிரி மூஞ்ச வெச்சுக்கினு, நேரா போயி தட்ட எடுங்க.